இரண்டு விரல் தள்ளி

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பட்டாசுக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. அட்டையில் ராக்கெட் படம். ஒன்பது மாசம் வெறுமனே கிடந்ததை இன்றைக்குத்தான் திறக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பேச ஆள் இல்லை. சாத்தூர் ரேஷன் கடையில் பத்தொன்பது வருஷம் எடை போட்டவள் நான். வரிசையில் நிற்கிற அத்தனை பேரோடும் வாயடித்தே பழகியவளைக் கொண்டுவந்து மதுரையில் ஒரு லாட்ஜ் அறையில் அடைத்தால் சுவரோடா பேச முடியும்?

அவருக்குத் தீபாவளி நேரம். கடையை விட்டு நகர முடியாது. நீங்கள் வர வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். அவர் சரி என்று சொன்ன வேகம்தான் கொஞ்சம் அதிகம்.

வீட்டில் யாரும் பெயரைச் சொல்வதில்லை. "அது" என்பார்கள். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது. எனக்குக் கேன்சர். இதோ எழுதிவிட்டேன், தாள் பற்றி எரியவில்லை.

ஆபரேஷனும் கீமோவும் முடிந்து இன்றைக்கு முதல் ரேடியேஷன். மொத்தம் இருபத்தைந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. இடது பக்கம் ஊதா மையில் கோடு போட்டிருக்கிறார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, தேய்க்கவே கூடாது என்று டெக்னீஷியன் அல்போன்சா நாலு தடவை சொன்னாள். என் வயசில் பாதிகூட இருக்காது, என்னையே மிரட்டுகிறாள்.

மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். கதவு பேங்க் லாக்கர் கதவு மாதிரி கனம். ஏதாவது என்றால் வலது கையைத் தூக்கச் சொன்னாள், வெளியே டிவியில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. பல் மட்டும் கிடுகிடுவென்று ஆடியது. ஏசி அதிகம்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி. கண்ணாடியில் விரிசல். உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தால் ஆகாது, துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

இன்னொரு கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம், பெயர் ஒச்சம்மா. ஐம்பத்தெட்டு வயசாம், பார்த்தால் எழுபது. இடுப்பு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு, கரும்பு வெட்டு இருக்கிறது என்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். வந்த அரை மணி நேரத்தில் என் ஊர், சாதி சனம், குழம்பு வைக்கிற விதம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். வாயில் எனக்கே அக்காள்.

அக்டோபர் 10, வெள்ளி

ஐந்து முடிந்தது. இன்னும் இருபது.

ஒச்சம்மாவுக்கு மொத்தமே பத்து நாள்தானாம். கொடுத்துவைத்த மகராசி. எனக்கு மட்டும் ஏன் இருபத்தைந்து என்று அல்போன்சாவிடம் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேஷன் கடையில் சீனி வராத மாசம் நானும் இப்படித்தான் திரும்பிக்கொள்வேன்.

அக்டோபர் 13, திங்கள்

இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. ஜாக்கெட் மாட்டவும் கழற்றவும் ஒச்சம்மாக்காதான் ஒத்தாசை. மெல்லிசான பழைய பருத்தித் துணியைக் கோட்டின் மேல் வைத்து, உரசாமல் கட்டிவிடுகிறாள். கட்டி முடிக்கிற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். கூச்சம்.

"கோடு நல்லாத்தான்டி இருக்கு. அழியல" என்று தினமும் சொல்கிறாள். நான் கேட்பதில்லை, அவளாகவே சொல்கிறாள்.

அவர் போன் செய்தார். சரவெடி ஸ்டாக் தீர்ந்துவிட்டதாம். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒச்சம்மாக்கா ஃபைலை நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்லு என்றாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நாலு வருஷத்துக்கு முந்தைய தாள் ஒன்று இருந்தது. இடது மார்பு. ஆபரேஷன். கீமோ. ரேடியேஷன் இருபத்தைந்து.

அப்படியே என் ஃபைல். பெயர் மட்டும்தான் வேறு.

இந்த மாசத்துத் தாளில், எலும்பில் பரவியது என்று இருந்தது. பத்து நாள் என்பதற்குப் பக்கத்தில் எனக்குப் புரியாத ஒரு வார்த்தை. டாய்லெட்டுக்குப் போவது போல எழுந்து போய் அல்போன்சாவிடம் கேட்டேன். யாருடைய ஃபைல் என்று கேட்டாள். பிறகு, "வலி குறையக் குடுக்கறது, அக்கா" என்றாள். குணமாகவா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து ஒச்சம்மாக்காவிடம், பத்து நாளில் இடுப்பு சரியாகிவிடும் என்று போட்டிருக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டி ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. இவளும் என்னைப் போலத்தானே இருபத்தைந்தையும் எண்ணி முடித்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜாக்கெட்டை நானே மாட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆனது.

அக்டோபர் 18, சனி

அவள் பேசினால் 'ம்' என்கிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன், காற்று வரட்டும் என்று. அவள் தொட்ட டம்ளரை இரண்டு தடவை கழுவினேன். கேன்சர் ஒட்டுவாரொட்டி இல்லை என்று ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா சொன்னது எனக்குத் தெரியும். நானே ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன், எனக்குத் தனி டம்ளர் வைத்த என் நாத்தனாரோடு உட்பட.

தெரிந்தும் கழுவினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தெரு முழுக்க வெடிச் சத்தம். லாட்ஜில் பாதி அறை காலி, ஊருக்குப் போய்விட்டார்கள். அவளைக் கூட்டிப்போக மகன் வரவில்லை. என்னைக் கூட்டிப்போக யாரும் வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஆக இரண்டு பேரும் ஒன்றுதான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் கோணட்டும்.

விடியக்காலம் ஐந்து மணிக்கு ஒச்சம்மாக்கா எழுப்பினாள். கையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். இந்த இடுப்போடு மாடிப்படி இறங்கி, டீக்கடை அடுப்பில் சூடு பண்ணி வாங்கி வந்திருக்கிறாள். மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசாதவளுக்கு.

எண்ணெய் கூடாதென்று சொல்லியிருக்கிறார்களே என்றேன்.

"அது நெஞ்சுக்குத்தானடி. தலைக்கு மூணு சொட்டு. தீவாளியும் அதுவுமா தலையில எண்ணெய் வைக்காம இருக்கிறது துட்டி வீட்டுக்காரிக. நம்ம ரெண்டு பேரும் இன்னும் சாகல."

அந்த வார்த்தைக்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. துண்டை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கீமோவில் கொட்டி, இப்போது அரை அங்குலம் முளைத்திருக்கிற தலை. மூன்று சொட்டு வைத்தாள். பிறகு தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவள் கை நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. என் தலையை ஒருவர் தொட்டு எட்டு மாசம் ஆகிறது. அழுதேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். ஆமாம், நல்லெண்ணெய் எரியத்தான் செய்யும் என்றாள்.

குனிந்து தலைக்கு மட்டும்தான் வெந்நீர் ஊற்றினாள். ஆனால் எண்ணெயும் சீயக்காயும் கழுத்து வழியாக இறங்கியிருக்கிறது. துண்டை அவிழ்த்தபோது அதில் ஊதாக் கறை.

"கனி, கோட்டக் காணோம்டி" என்றாள் ஒச்சம்மாக்கா.

மேல் கோடு பாதியும் நடுக்கோடு முழுக்கவும் போய்விட்டதாம். நாளைக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். கோடு அழிந்தால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று பெஞ்சில் யாரோ பேசியது காதிலேயே நின்றது. பத்து முடித்திருக்கிறேன். மறுபடி ஒன்று என்றால் என்னால் ஆகாது. சொன்ன பேச்சுக் கேட்கவில்லையே என்று அந்தச் சின்னப் பெண் முன்னால் தலைகுனிந்து நிற்கவும் ஆகாது.

முக்குக் கடை திறந்திருந்தது. பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா பாக்கெட், அதில் ஒரு ஊதா. எந்த இடம் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தினமும் நான்தானே பார்க்கிறேன் என்றாள். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு வரைந்தாள். பேனா முனை தோலில் பட்டது எனக்குத் தெரியவில்லை, அந்த இடம் மரத்துப்போய்விட்டது.

"சரியான எடந்தானான்னு நீ ஒருக்காக் கண்ணாடியப் பாத்துச் சொல்லு."

கண்ணாடி உடைந்திருக்கிறது என்றேன். அவள் போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல எங்கடி விரிசலு?"

அவள் துண்டைத் திரும்பவும் ஒழுங்காகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நானும் ஆறு மாசம் பார்க்கவில்லை என்றாள், அவ்வளவுதான்.

ரேஷன் கார்டில் பேனா வைத்துத் திருத்திக்கொண்டு வந்தவர்களை நான் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. கடை வாசலிலேயே நிறுத்தி மானத்தை வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு என் நெஞ்சிலேயே கள்ளக்கோடு.

அக்டோபர் 21, செவ்வாய்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். லாட்ஜிலிருந்து ஆஸ்பத்திரி இருநூறு அடி. அதற்குள் எனக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

படுக்க வைத்து விளக்கைப் போட்டதும் அல்போன்சா குனிந்து பார்த்தாள். நேற்றுக் குளித்தீர்களா என்றாள். இல்லை என்றேன். மறுபடி பார்த்தாள். வெளியே போனாள், கதவு மூடியது.

இடது பக்கம் இதயம் இருக்கிறது. அதுவரை எனக்கு அந்த நினைப்பே இல்லை. அது தடதடவென்று அடித்தபோதுதான் இங்கே இருக்கிறது என்று உறைத்தது. கோடு தவறான இடத்தில் இருந்தால் கதிர் எதன் மேல் விழும்? விழ வேண்டிய இடத்தில் விழாமல் போனால் அங்கே மிச்சம் இருப்பது எதுவாக வளரும்? நாலு வருஷம் கழித்து என் இடுப்பு எப்படி வலிக்கும்?

வலது கையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றால், கூரையைத் தொடுகிற மாதிரி.

கதவு திறந்தது. "நானேதாம்மா வரைஞ்சேன். ஸ்கெட்ச் பேனாவுல" என்றேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிடத்தான் அவள் போயிருக்கிறாள். நான் கையைத் தூக்காவிட்டாலும் மெஷினை ஓட்டியிருக்க மாட்டார்களாம். இது தெரிந்திருந்தால் இத்தனை அழுகை மிச்சம். இருந்தாலும், நானாகச் சொன்னேன் என்பது இருக்கிறது.

டாக்டரம்மா அளந்து பார்த்தார். கோடு இரண்டு விரல் கீழே தள்ளி இருந்தது. ஒரு கத்து கத்துவார் என்று பார்த்தால், மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதுக் கோடு போடச் சொன்னார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள்தான் நஷ்டம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. எண்ணெய் பட்டு அழிந்தது என்று சொன்னேன், தேய்த்தது யார் என்று கேட்டபோதும் நானே என்றேன்.

அல்போன்சா புதுக் கோடு போடும்போது மெதுவாகக் கேட்டாள், பழைய கோடு தழும்புக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா, அதுகூட உங்களுக்குத் தெரியவில்லையே என்று. நான் கூரை விளக்கைப் பார்த்தேன். கோட்டை முடித்துவிட்டு அவளே, "ஒரே ஒரு தடவை பாருங்கக்கா. உங்க உடம்புதான, அது என்ன பண்ணுச்சு" என்றாள்.

வெளியே பெஞ்சில் ஒச்சம்மாக்கா. தன் முறை முடிந்தும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எவ்வளவு தப்பு என்று கேட்டாள். இரண்டு விரல் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் முந்திவிட்டது. தன் இரண்டு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன் நெஞ்சுல கொள்ளி வைக்கப் பாத்தேனே, ஆத்தா."

இட்லி வாங்கிப் பிய்த்துக் கொடுத்தேன். அவள் குடித்து வைத்த டம்ளரிலேயே நானும் தண்ணீர் குடித்தேன். கழுவவில்லை.

அக்டோபர் 22, புதன்

பதினொன்று. ஜாக்கெட் அவள்தான் மாட்டிவிட்டாள். கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் கொசு.

அக்டோபர் 23, வியாழன்

ஒச்சம்மாக்காவுக்குப் பத்து முடிந்தது. மகன் வந்திருந்தான். இந்த லாட்ஜில் கிளம்பும்போது யாரும் 'வர்றேன்' என்று சொல்ல மாட்டார்கள், இங்கே மறுபடி வரக் கூடாது என்பதால். அவளும் "போறேன் கனி" என்றாள். இடுப்பு கொஞ்சம் தேவலையாம். படியில் நின்று என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

எதிர்க் கட்டில் காலி. பயம் முழுக்க அதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 29, புதன்

பதினாறு. தோல் கறுத்து எரிகிறது.

நவம்பர் 3, திங்கள்

அக்காவுக்குப் போன் போட்டேன். மகன் எடுத்தான். அம்மா தூங்குகிறதாம். பகல் பதினொரு மணிக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

அவர் வந்தார். தீபாவளி முடிந்து இருபது நாள் கழித்து, ஒரு டப்பா மிக்சரோடு. எதிர்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வரப் பயமாக இருந்ததா என்று நேராகவே கேட்டுவிட்டேன். ஆமாம் என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் பயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கோபமாகத்தான் இருந்தது. மிக்சரை இரண்டு பேரும் தின்று முடித்தோம்.

நவம்பர் 11, செவ்வாய்

இருபத்தைந்து. அல்போன்சா கையைக் குலுக்கினாள். ஆறு மாசம் கழித்து ஸ்கேன், மே பன்னிரண்டு என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் தேதி தெரியாதபடி அட்டையைத் திருப்பிப் பையில் வைத்தேன். தினமும் மெஷினுக்குப் பயந்தேன். இப்போது மெஷின் இல்லையே என்று பயம்.

அறையைக் காலி பண்ணினேன். கண்ணாடி மேல் கிடந்தது என் துண்டு, விட்டுவிட்டு வர முடியாது. எடுத்தேன்.

கண்ணாடியில் விரிசல் இல்லை.

பார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

நேற்று சாத்தூர் பஸ் ஏறவில்லை. மதுரையில் ஒற்றை அறையில் குடியிருக்கிற சித்தப்பா மகள் வீட்டில் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு, இன்று காலையில் உசிலம்பட்டி போனேன். அவருக்குப் போனில் சொன்னேன், போயிட்டு வா என்றார்.

ஒச்சம்மாக்கா கட்டிலில் கிடந்தாள். இருபது நாளில் பாதியாகிவிட்டாள். இடுப்பு வலி இல்லை, அந்தப் பத்து நாள் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. இப்போது மூச்சுதான் வாங்குகிறது. மருமகளிடம் நல்லெண்ணெய் கேட்டு அடுப்பில் காட்டி எடுத்து வந்தேன். அவள் தலையை மடியில் வைத்து மூன்று சொட்டு வைத்தேன். என் கையும் மூன்றோடு நிற்கவில்லை.

ஃபைலில் பத்து நாளில் சரியாகும் என்று போட்டிருப்பதாகச் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்டி. நாலு வருசமா அந்த ஃபைலுக் கட்டத் தூக்கிட்டுத் திரியிறேன், எனக்குத் தெரியாதா. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் நீட்டுனேன்."

பிறகு, கோடு எங்கே இருந்தது, காட்டு என்றாள். கதவைச் சாத்திவிட்டு, நானே ஜாக்கெட்டைக் கழற்றினேன். ஜன்னல் வெயில் நேராக மேலே விழுந்தது. கண்ணை மூடவில்லை. அவள் விரலைப் பிடித்துத் தழும்புக்கு மேலே, சரியான இடத்தில் வைத்தேன். நீ வரைந்தது இதற்கு இரண்டு விரல் கீழே என்று காட்டினேன். தழும்பின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தாள். சில்லென்று இருந்தது அவள் கை.

அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டாள். மே பன்னிரண்டு என்றேன்.

"பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது வாய் பழக்கத்தில் "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இது லாட்ஜ் இல்லை, வீடு, இங்கே சொல்லலாம் என்று தோன்றியது.

"வா. மே மாசம் வந்து, என்ன சொன்னாகன்னு சொல்லு" என்றாள்.

மே மாசத்துக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வந்து சொல்கிறேன் என்றேன்.